நகல் கையில் இருக்கிறதா?

1994 ஜூன் 15 தேதியிட்டு, தமிழ்நாடு சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து ‘நக்கீரன்’ வார இதழுக்கு ஒரு கடிதம் போனது. ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி தன் வாழ்க்கைக் கதையை எழுதினார் என்பது பொய், இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி வெளியே வந்திருந்தால் அது சிறை விதிகளுக்கு விரோதம், தொடரை நிறுத்துங்கள், மீறினால் நடவடிக்கை வரும் என்பது அதன் சாரம்.

அந்த ஒரு கடிதத்தால்தான் இந்தியப் பத்திரிகைகளுக்கு மிகப் பெரிய சட்டக் கேடயம் ஒன்று கிடைத்தது. அது பிறந்த கதை சென்னையின் தெற்கு விளிம்பைச் சேர்ந்தது. ஆனால் அதே தெற்கு விளிம்பில், தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் இன்று செய்தி சேகரிக்கும் பலருக்கு அந்தக் கேடயம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

திருவான்மியூர் இன்று வாடகை கேட்டாலே மூச்சு முட்டும் பகுதி. எண்பதுகளில் அது நகரம் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடம். சுவரில் பெயின்ட் அடித்துப் பிழைத்து, பிறகு ஆட்டோ ஓட்டிய கௌரிசங்கர் என்ற ஆட்டோ சங்கர், மகாபலிபுரம் கடற்கரைப் பக்கமிருந்து சாராயம் கடத்தும் வேலைக்குள் நுழைந்தார். அங்கிருந்து பாலியல் தொழில், அங்கிருந்து கொலை. 6 கொலைகளுக்காக விசாரிக்கப்பட்டு, 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெற்றார். 1992 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

சிறைத்துறையின் கடிதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன நக்கீரன் தரப்பு அங்கே சொன்னது இது: 1991இல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சங்கர் சுமார் 300 பக்கங்களுக்குத் தன் கதையை எழுதினார். சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அது மனைவியின் கைக்கும், அவர் வழியாக வக்கீலுக்கும் போனது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்புகளை அதில் எழுதியிருந்தார். 1994 மே 21 இதழில் தொடருக்கான அறிவிப்பு வந்ததும் அதிகாரிகள் பதறினார்கள். கதையை நான் எழுதவே இல்லை என்று சங்கரிடம் அடித்துக் கடிதம் வாங்கினார்கள். அடித்தார்களா இல்லையா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை. சங்கர் வழக்கில் ஒரு தரப்பாக இல்லாததால், அவர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு, அப்படியானாலும் பத்திரிகை வெளியிடலாமா என்று பார்த்தது. பத்திரிகைக்கு மிகவும் பாதகமான நிலையை எடுத்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னதால்தான் அந்தத் தீர்ப்புக்கு இத்தனை கனம்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் அமர்வு சொன்னவற்றில் முதன்மையானது, அச்சுக்குப் போகும் முன்பே தடுத்து நிறுத்த அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை என்பது. பாதிக்கப்பட்டதாக நினைக்கிறவர் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம். அடுத்தது, தனிமனிதரின் அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய உரிமை. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றில் ஒருவர் சம்மதம் இல்லாமல் உள்ளே நுழைந்து எழுதக் கூடாது. ஆனால் ஒரு விஷயம் பொது ஆவணத்தில், அதுவும் நீதிமன்ற ஆவணத்தில், பதிவாகிவிட்டால் அது பத்திரிகை எழுதத் தகுந்த விஷயம். ஆகவே நீதிமன்ற ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஆட்டோ சங்கர் கதையை அவர் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டினால் பின்விளைவு பத்திரிகையின் பொறுப்பு.

மூன்றாவது விஷயம்தான் ஒவ்வொரு செய்தியாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. அரசு அதிகாரி தன் பணி சார்ந்த செயலைப் பற்றிய செய்திக்காக நஷ்ட ஈடு கேட்டால், செய்தியில் பிழை இருந்தது என்று காட்டுவது மட்டும் அவருக்குப் போதாது. உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர் நிறுவ வேண்டும். நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்று பத்திரிகை காட்டினால் போதும். அரசாங்கமும் உள்ளாட்சி அமைப்புகளும் அவதூறுக்காக நஷ்ட ஈடு கேட்கவே முடியாது. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் தீர்ப்பையும், பிரிட்டனின் 1993ஆம் ஆண்டு டெர்பிஷைர் தீர்ப்பையும் படித்துப் பார்த்து, நம் மண்ணுக்கு ஏற்றாற்போல் நீதிபதிகள் இதை எழுதினார்கள்.

இதே தீர்ப்பு பத்திரிகையின் கையையும் ஓரிடத்தில் பிடித்து நிறுத்துகிறது. பொது ஆவணத்தில் இருந்தாலும், பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. இது வெறும் விதிவிலக்கு என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். காவல்துறை இணையதளத்தில் பார்க்கக் கிடைத்தது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, இத்தகைய வழக்குகளை ஏற்றக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. கசிந்தது யார் தவறு என்று விசாரிக்கப் புறப்பட்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, செய்தியாளர்களை அழைத்து அவர்களுடைய கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்கவும், செய்தியாளர்களைத் துன்புறுத்தாமல் இருக்கவும் உத்தரவிட்டது.

இதில் இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். அந்த மாணவியை அடையாளம் காட்டும் ஒரு வரியைக்கூட எவரும் பகிர்ந்திருக்கக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி அது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குற்றம் என்பதைவிட, அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது முறை செய்யும் கொடுமை. அதே சமயம், செய்தியாளரின் கைபேசி வெறும் கருவி கிடையாது. அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரும் அதற்குள் இருக்கிறார்கள். செய்தி தந்தவரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் காப்பு கவுன்சிலின் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டும். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செய்தி மூலத்தின் பாதுகாப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை என்று ஏற்றுக்கொண்டது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் இன்னும் முன்வரவில்லை.

இப்போது தாம்பரத்துக்கு வருவோம். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஜனவரி 1 முதல் தனிக் காவல் ஆணையரகம். நிலத்தின் விலை ஏறிய வேகத்துக்கு ஈடாக இந்தப் பகுதியில் வேறெதுவும் ஏறவில்லை. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, கீழ்க்கட்டளை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஓர் ஏரி இருக்கும், அந்த ஏரியின் கரையைப் பற்றி ஒரு தகராறு இருக்கும். இவற்றில் பல ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல்தான் ராம்சர் பட்டியலில் ஏறியது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை தண்ணீர் நின்றபோது, ஏரிப் புறம்போக்கு என்ற வார்த்தை வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து எழுந்து வீட்டு வாசலுக்கே வந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர் பெரும்பாலும் உள்ளூர் நிருபர்.

பத்திரிகை உலகில் அவரைப் பகுதிநேர நிருபர் என்பார்கள், தொலைக்காட்சியில் ஸ்டிரிங்கர். மாதச் சம்பளம் கிடையாது, அல்லது பெட்ரோலுக்குக் காணும் அளவு ஒரு தொகை. செய்தி வந்தால் செய்திக்கு இவ்வளவு. அடையாள அட்டை உண்டு, நியமனக் கடிதம் இருக்காது. அவர் எழுதுகிற ஆட்கள் அவர் வசிக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பார்கள். பிள்ளை படிக்கும் பள்ளி எது என்று அவர்களுக்குத் தெரியும்.

2020 நவம்பர் 8 இரவு, குன்றத்தூரை அடுத்த சோமங்கலம் பக்கத்தில் புதுநல்லூரில், தமிழன் தொலைக்காட்சியின் செய்தியாளர் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். இருபதுகளில் இருந்த இளைஞர். அந்த வட்டாரத்தில் நடந்த கஞ்சா விற்பனையையும், அரசு நிலத்தை வளைத்து விற்பதையும் பற்றிச் செய்தி சேகரித்ததே அவர் உயிருக்கு வினையானது என்று பத்திரிகையாளர் அமைப்புகள் குரல் கொடுத்தன. சிலர் கைதானார்கள். சில நாள் தலைப்புச் செய்தி, பிறகு அடுத்த செய்தி. சட்ட அபாயம் பற்றிய கட்டுரையில் ஒரு கொலையை ஏன் சொல்கிறேன் என்றால், புறநகர் நிருபருக்கு வக்கீல் நோட்டீஸும் அரிவாளும் வெவ்வேறு உலகத்திலிருந்து வருவதில்லை. நில விவகாரத்தில் முதலில் வருவது சமாதானப் பேச்சு. அடுத்தது நோட்டீஸ். அதற்கும் மசியாதவர் வீட்டுக்கு எது வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் கேடயம் புறநகர் நிருபருக்கு ஏன் எட்டவில்லை? காரணம் அந்த 1994 தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்குகளைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசிய நீதிபதிகள், அவதூறைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளுக்குள் தாங்கள் போகவில்லை, அதற்கு உரிய வழக்கு வரட்டும் என்று எழுதிவிட்டார்கள். அந்த வழக்கு வர 22 ஆண்டுகள் ஆயின. 2016 மே 13 அன்று, சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், அவதூறு குற்றமாகவே நீடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அதே சரக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக வந்திருக்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. கேடயத்தில் 1994இல் விட்டுவைத்த ஓட்டை இதுதான். அம்பு எல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது.

சிவில் வழக்கில் கோடிக்கணக்கில் கேட்டாலும் பணம்தான் பேச்சு. குற்ற வழக்கில் நிருபர் நேரில் போய்க் கூண்டில் நிற்க வேண்டும். உண்மை, அதோடு பொது நன்மை என்பது முதல் விதிவிலக்கு. ஆனால் அதை விசாரணையில் நிரூபிக்க வேண்டும். அதுவரை வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் வாய்தாவுக்குப் போனால் அன்றைய செய்திக் காசு போகும். விடுதலை ஆகிறவரும் சில வருடங்களைத் தண்டனையாகக் கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. அரசே தன் வக்கீல் மூலம் பத்திரிகைகள் மீது போட்ட அவதூறு வழக்குகளை, ‘தி இந்து’வின் என். ராம் வழக்கில் 2020 மே 21 அன்று நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தார். அரசு வக்கீல் அரசு சொன்னதை அப்படியே ஒப்பித்து வழக்குப் போடக் கூடாது, தானாக யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. தென்மாவட்டக் கடற்கரைத் தாது மணல் பற்றிய செய்திக்காக ஒரு நிறுவனம் தொடுத்த குற்ற அவதூறு வழக்கையும் அதே ஆண்டு மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ரத்து செய்தார். ஆனால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வக்கீல் வேண்டும், பீஸ் வேண்டும். பெரிய பத்திரிகையின் ஆசிரியருக்கு அது உண்டு. பெருங்களத்தூர் நிருபருக்கு யார் தருவார்கள்?

அவதூறு போதாது என்று நினைக்கும்போது வேறு பிரிவுகளைத் தேடுகிறார்கள். 2018 அக்டோபர் 9 காலை புனே செல்ல மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்த நக்கீரன் ஆசிரியர் கோபாலைப் போலீஸ் கைது செய்தது. அன்றைய ஆளுநரைப் பற்றி வெளியான கட்டுரைகளுக்காக, ஆளுநர் மாளிகையின் புகாரின் பேரில், தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. ஆளுநரைத் தாக்கியோ மிரட்டியோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதற்கான பிரிவு அது, 7 ஆண்டு வரை சிறை. ஒரு கட்டுரை எப்படி அந்தப் பிரிவுக்குள் வரும் என்று எழும்பூர் நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. என். ராம் நேரில் வந்து பத்திரிகையாளர்களின் கவலையைச் சொன்னார். நீதிபதி ரிமாண்ட் செய்ய மறுத்து விடுவித்தார். அந்த மாஜிஸ்திரேட்டின் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை விட, ரிமாண்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடாத ஒரு பேனாதான் பல நேரம் பத்திரிகையாளரைக் காக்கிறது.

உள்ளூர் நிருபர் மீது ஆளுநரைத் தடுத்த பிரிவு பாயாது. பணம் கேட்டு மிரட்டினார் என்ற புகார் பாயும், அல்லது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்பது. வண்டியில் பிரஸ் என்று ஒட்டிக்கொண்டு வசூலுக்குப் போகிறவர்கள் இருப்பதும் உண்மை. அவர்களால்தான் நேர்மையாக எழுதுகிறவர் மீதும் இந்தப் புகார் எளிதில் ஒட்டுகிறது. அதனால் செய்திக்காக ஒருவரைத் தொடர்புகொள்ளும்போது கேள்விகளை எழுத்தில், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, பதில் சொல்ல நேரம் கொடுப்பது நல்லது. நியாயமாகச் சரிபார்த்தோம் என்பதற்கு அது சாட்சி, பேரம் பேசவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

சட்டம் தெரிந்தால் பாதி பயம் போகும். அவதூறு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கும் குற்றம் கிடையாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு கொடுக்க வேண்டும். ஆகவே ‘உங்கள் மீது அவதூறுப் புகார் வந்திருக்கிறது, ஸ்டேஷனுக்கு வாருங்கள்’ என்று தொலைபேசியில் அழைத்தால், எழுத்தில் சம்மன் கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு, புகாரை விசாரணைக்கு எடுக்கும் முன் எதிர்த் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் இந்த வாசல் இல்லை. அந்த முதல் நாளிலேயே ஆவணங்களோடு போய் நிற்கிறவருக்கு வழக்கு அங்கேயே முடியும் வாய்ப்பு உண்டு. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது. சோதனையையும் பறிமுதலையும் காணொளியில் பதிய வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. கைபேசியை எடுத்துப் போக வந்தால், அந்தப் பதிவு நடக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. செய்தி வெளிவராமல் தடுக்க இடைக்காலத் தடை வாங்குவதும் இப்போது அத்தனை எளிதல்ல. ப்ளூம்பெர்க் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முழு விசாரணை நடக்கும் முன் செய்திக்குத் தடை கொடுப்பது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களை எச்சரித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆவணம். நல்ல செய்தி ஆசிரியர் பரபரப்பான செய்தியோடு வரும் நிருபரிடம் முதலில் கேட்பது, ‘நகல் கையில் இருக்கிறதா?’ என்பதுதான். ஆட்டோ சங்கர் தீர்ப்பு அந்தக் கேள்விக்குச் சட்ட பலம் கொடுத்தது. ஏரி நிலம் பற்றிய செய்தியா, கிராமக் கணக்கின் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்று யாரும் வாங்கலாம். பத்திரப் பதிவு அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் உள்ள பத்திரங்களை எவரும் பார்வையிட்டு நகல் பெற 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வழி தருகிறது. நீதிமன்ற ஆவணமா, சான்றிட்ட நகல் வாங்குங்கள். திரைப்பிடிப்பு எடுத்தால் போதாது. மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அது நிற்காமல் போகலாம்.

இந்த ஆவண வாசலையே இப்போது சாத்துகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம். பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியும் இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்று சொன்னாலே மறுத்துவிடலாம். இலவச மனைப் பட்டா யார் யாருக்குப் போனது, கட்டட அனுமதியில் கையெழுத்திட்டவர் யார், விதிமீறலுக்காக எந்த அதிகாரி மீது நடவடிக்கை என்று கேட்டால், பெயர் இருக்கிறது, தர முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வரலாம். பெயர் இல்லாமல் முறைகேட்டை எப்படி எழுதுவது? 2018, 2019 வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு என்று இருந்த விலக்கும் இறுதிச் சட்டத்தில் இல்லை. தரவுகளைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் சட்டம் அது. ஒரு சிறு பத்திரிகையின் தலைக்கு மேல் அந்த எண் தொங்கினாலே போதும்.

இன்னும் திறந்திருப்பது 8(2) பிரிவு. வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அது. மனுவிலேயே 8(2) என்று குறிப்பிட்டு, எந்த ஏரி, எத்தனை குடும்பம், எந்த வெள்ளம் என்று பொதுநலனை விளக்கி எழுதப் பழக வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு. மெதுவான வழிதான். வேறு வழி இப்போதைக்கு இல்லை.

பத்திரிகை, தொலைக்காட்சி நிர்வாகங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் வரையறையே, பத்திரிகைத் தொழிலை முதன்மைப் பிழைப்பாகக் கொண்டவர் பகுதிநேரமாக வேலை செய்தாலும் உழைக்கும் பத்திரிகையாளர்தான் என்று ஏற்றுக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் மின்னணு ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. தாம்பரம் நிருபரின் சட்டைப் பையில் அடையாள அட்டையோடு அந்தக் கடிதமும் இருக்கட்டும். அவர் அனுப்பிய செய்திக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால், பதில் நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து, நிறுவனத்தின் செலவில் போகட்டும். முதல் வாய்தாவுக்கு அவர் தனியாக ரயில் ஏறாமல் இருக்கட்டும்.